மலேசியாவில் வேலை, தமிழ்நாட்டில் ஓட்டு: வாசகர் கேள்விகள்

பினாங்கு, பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்தான். ஊரில் வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். குடியுரிமைக்கே சிக்கலா?

பயப்படாதீர்கள், குடியுரிமைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் குடியிருக்காதவர் பெயர் சாதாரணப் பட்டியலில் இருக்க முடியாது. உங்களைப் போன்றவர்களுக்காகவே 2010-இல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாடு வாழ் வாக்காளர் என்ற பிரிவைக் கொண்டுவந்தார்கள். படிவம் 6ஏ-யைத் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே நிரப்பலாம். குடியுரிமைக்கு ஆதாரம் பாஸ்போர்ட்தான். ஆதார் அட்டை செல்லாது. புகைப்படம், இந்திய முகவரி, நடப்பு விசா உள்ள பக்கங்களை நகலெடுத்துக் கையெழுத்திட்டு இணையுங்கள்.

அதற்கு முன் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் வாக்குச்சாவடி எது என்பதை அந்த முகவரிதான் முடிவு செய்யும். எப்போதோ காலி செய்த வாடகை வீடு அதில் இருந்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் போய்த் தட்டுவதும் அந்தக் கதவைத்தான். உங்கள் ஆவணங்கள் சரி என்று உறவினர் ஒருவர் அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "பையன் மலேசியாவில இருக்கான்" என்று மட்டும் சொல்லி அம்மா கதவைச் சாத்திவிட்டால் வேலை நடக்காது. உறுதி சொல்ல யாருமே இல்லையென்றால், ஆவணங்கள் சரிபார்ப்புக்காகக் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கு வரும்.

என் மனைவி தஞ்சாவூர்க்காரர். இங்கே சிவப்பு ஐசி (மலேசிய அடையாள அட்டை) கிடைத்துவிட்டது. அவருக்கு ஓட்டு எங்கே? (செந்தூல்)

சிவப்பு ஐசி நிரந்தரவாசத்துக்கு மட்டும்தான். மலேசியாவில் ஓட்டு குடிமக்களுக்கே. அவர் இன்னும் இந்தியக் குடிமகள், ஆகவே 6ஏ தாராளமாகப் போடலாம். பின்னாளில் மலேசியக் குடியுரிமை வாங்கினால் இந்திய ஓட்டு அன்றோடு போய்விடும். அதை அவரே தேர்தல் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு, விளையாட்டில்லை.

நான் மலேசியன். இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓட்டுப் போடலாமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

முடியாது. ஓசிஐ இருந்தால் விசா இல்லாமல் போய் வரலாம். ஆனால் அது குடியுரிமை அல்ல.

6ஏ போட்டுப் பெயர் வந்துவிட்டது. தபாலில் ஓட்டுப் போட வழி உண்டா? (ஜார்ஜ் டவுன்)

இல்லை, நேரில்தான் போக வேண்டும். இது எனக்குப் பெரிய ஆதங்கம். ஒரு ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுக்க எத்தனை உணவகத் தொழிலாளியால் முடியும்? பதிலாள் மூலம் வாக்களிக்க வகை செய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியும், மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-இல் காலாவதியானது. அதை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று உங்கள் தொகுதி எம்பிக்கு எழுதுங்கள்.

போவதென்று முடிவு செய்தால் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு வாழ் வாக்காளருக்கு வாக்காளர் அட்டை தருவதில்லை. சாவடியில் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள். பட்டியலில் உங்கள் பெயர் அந்தச் சாவடிக்கான பகுதியின் கடைசியில், தனிப் பிரிவில் இருக்கும். முன்பக்கங்களில் தேடிவிட்டு "பெயர் இல்லை" என்று சொன்னால், கடைசிப் பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.