என் கணினியில் ஓடுகிறது, கடையில் ஓடவில்லை: தரவுத்தள மென்பொருள் கேள்வி-பதில்

மலேசியாவில் கடைக்கும் கிளினிக்குக்கும் சொந்தமாக மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. எழுதுவதில் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. அதை அடுத்தவர் கணினியில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் தலைவலி தொடங்குகிறது.

ஐயா, ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடைக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பில்லிங் எழுதிக் கொடுத்தேன். ஒரே கோப்பை ஷேர் ஃபோல்டரில் வைத்து ஐந்து கணினிகளிலும் திறக்கிறார்கள். அடிக்கடி கோப்பு பழுதாகிவிடுகிறது. தீபாவளி சீசனுக்குள் சரிசெய்ய வழி உண்டா? (செந்தூல்)

உண்டு. கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். டேபிள்கள் மட்டும் ஒரு கோப்பில். அதுதான் பேக்-எண்ட், ஷேர் ஃபோல்டரில் இருக்கட்டும். ஃபாரம், ரிப்போர்ட், குவெரி, நிரல் எல்லாம் ஃபிரன்ட்-எண்ட் கோப்பில். இதைப் பிரித்துக் கொடுக்கும் வசதி ஆக்சஸின் ‘டேட்டாபேஸ் டூல்ஸ்’ பகுதியிலேயே இருக்கிறது. ஃபிரன்ட்-எண்டை ஐந்து கணினிகளிலும் தனித்தனிப் பிரதியாக வையுங்கள். ஒரே ஃபிரன்ட்-எண்டை ஷேரில் வைத்து ஐந்து பேரும் திறந்தால் பிரித்ததில் பயனே இல்லை. அப்படி வைத்துவிட்டு ‘பிரித்தும் சரியாகவில்லை’ என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

இணைப்பு கொடுக்கும்போது இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று எழுத்தை நம்பாதீர்கள். ஒரு கணினியில் இசட் ஆக இருப்பது இன்னொன்றில் வேறு எழுத்தாக இருக்கும். சர்வர் பெயரோடு முழு முகவரியாகக் கொடுங்கள். அந்த ஃபோல்டரில் எல்லாருக்கும் கோப்பை உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி வேண்டும். முதல் ஆள் திறந்ததும் ஆக்சஸ் பேக்-எண்டின் பக்கத்திலேயே லாக் கோப்பு ஒன்றை உருவாக்கும், கடைசி ஆள் வெளியேறியதும் அழிக்கும்.

இந்த லாக் கோப்பு நல்ல துப்பறிவாளர். கடை மூடியபின் ஷேர் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். எல்லாரும் மென்பொருளை மூடியிருந்தும் லாக் கோப்பு அங்கேயே கிடந்தால், யாரோ ஒருவர் முறையாக மூடாமல் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். பழுதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று வைஃபை. துணி அளக்கும் மேசைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் சிக்னல் விட்டுப்போகும் நொடியில் எழுதிக்கொண்டிருந்தால் பேக்-எண்ட் அரைகுறையாக நின்றுவிடும். பில் போடும் கணினிகளுக்குக் கேபிள்தான். பேக்-எண்டை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் வைக்கவே வைக்காதீர்கள். அவை கோப்பை முழுசாக நகலெடுத்து ஒத்திசைப்பவை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுவதை அவற்றால் ஒன்றுசேர்க்க முடியாது.

ஐந்து கணினிக்கு ஆக்சஸ் தாராளமாகப் போதும். ஒரு கோப்புக்கு வரம்பு 2 ஜிபி. துணியின் படங்களை உள்ளே திணிக்காதவரை ஒரு ஜவுளிக்கடை அந்த வரம்பை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஊருக்கு ஊர் கிளை திறந்தால் அப்போது மைக்ரோசாஃப்டின் இலவசத் தரவுத்தள சர்வரான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் பற்றி யோசிக்கலாம்.

வாடிக்கையாளரிடம் ஆக்சஸ் இல்லை. வாங்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார். (காஜாங்)

வாங்க வேண்டாம். எழுதி முடித்ததை ஓட்ட மட்டும் உதவும் ஆக்சஸ் ரன்டைம் இலவசம், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும். ஆனால் அதில் சில வித்தியாசங்கள் உண்டு. டிசைன் வியூ கிடையாது, இடப்பக்க நேவிகேஷன் பலகை கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது: நீங்கள் பிடிக்காத பிழை ஒன்று வந்தால் முழு ஆக்சஸில் ‘டீபக்’ கேட்கும், ரன்டைமிலோ மென்பொருளே மூடிக்கொள்ளும். கடைக்காரர் உங்களை அழைத்து ‘தானாக மூடிக்கொள்கிறது’ என்று மட்டும்தான் சொல்வார். ஆகவே ஒவ்வொரு புரொசீஜரிலும் பிழையைப் பிடித்து ஒரு டேபிளில் எழுதிவையுங்கள்: எந்த ஃபாரம், எந்தப் பிழை எண், எத்தனை மணிக்கு. கொடுப்பதற்கு முன் கோப்பின் பின்னொட்டை ஏசிசிடிஆர் என்று மாற்றித் திறந்தால் உங்கள் முழு ஆக்சஸே ரன்டைம் போல நடந்துகொள்ளும். அதில் ஒருநாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது 32 பிட், 64 பிட். வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே ஆபிஸ் இருந்தால் அது எந்த பிட்டோ அதே பிட் ரன்டைம்தான் போட முடியும். ஆபிஸ் 2019 முதல் தானாக 64 பிட்தான் ஏறும், பழையவை பெரும்பாலும் 32. 32 பிட்டில் தயாரித்த ஏசிசிடிஇ (நிரலைப் பூட்டிக் கொடுக்கும் வகை) கோப்பு 64 பிட் ஆக்சஸில் திறக்காது. விண்டோஸின் உள் வசதிகளை அழைக்கும் ஏபிஐ வரிகளில் ‘பிடிஆர்சேஃப்’ என்ற சொல் இல்லாவிட்டால் 64 பிட்டில் நிரலே ஓடாது. எந்தக் கோப்பு எந்த பிட் என்று கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

அண்ணே, பென் டிரைவில் கொண்டுபோனால் ஓடுகிறது. அதே கோப்பைக் கூகுள் டிரைவ் லிங்க் அனுப்பினால் சிவப்புப் பட்டை வந்து மேக்ரோ எல்லாம் முடங்கிவிடுகிறது. வைரஸா? (பட்டர்வொர்த்)

வைரஸ் இல்லை, தம்பி. இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின்மீது விண்டோஸ் ஒரு முத்திரை குத்துகிறது. 2022 முதல் அந்த முத்திரை உள்ள கோப்புகளில் ஆபிஸ் மேக்ரோவை அடைத்துவிடுகிறது. முத்திரை என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸின் வழக்கமான வட்டு வடிவத்தில் மட்டும்தான் ஒட்டும். பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட் 32 அல்லது எக்ஸ்ஃபேட் என்பதால் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஒன்று ஓடியது, மற்றது ஓடவில்லை.

கோப்பின் பிராப்பர்ட்டீஸில் ‘அன்பிளாக்’ தட்டலாம். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போனில் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது வேலைக்கு ஆகாது. இன்னோ செட்டப் என்ற கருவியில் ஒரு இன்ஸ்டாலர் செய்யுங்கள். இன்ஸ்டாலர் பிரித்து வைக்கும் கோப்புகளில் முத்திரை இருக்காது. அதே இன்ஸ்டாலர் அந்த ஃபோல்டரை ஆக்சஸ் நம்பும் இடங்களான ‘டிரஸ்டட் லொக்கேஷன்’ பட்டியலிலும் ரெஜிஸ்ட்ரி வழியாகச் சேர்த்துவிடட்டும். எங்கே வைப்பது என்பதும் முக்கியம். புரோகிராம் ஃபைல்ஸ் வேண்டாம், அங்கே சாதாரணப் பயனரால் எழுத முடியாது. பயனரின் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். அட்மின் பாஸ்வேர்டே தேவைப்படாது. கடை முதலாளி ‘பாஸ்வேர்டு மகனுக்குத்தான் தெரியும், அவன் ஆஸ்திரேலியாவில்’ என்று சொல்லும் இடங்களில் இதன் அருமை தெரியும்.

இன்ஸ்டாலரை இறக்கும்போதும் ‘விண்டோஸ் புரொடெக்டெட் யுவர் பிசி’ என்று நீலத் திரை வரலாம். அது ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற விண்டோஸ் பாதுகாப்புச் சோதனை. மென்பொருளை வெளியிட்டவர் யார் என்று காட்டும் கோட் சைனிங் சான்றிதழ் வாங்கினால் நாளடைவில் நம்பிக்கை கூடி அது மறையும். ஆனால் ஜூன் 2023 முதல் சான்றிதழின் சாவியை யுஎஸ்பி டோக்கன் போன்ற வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்பதால் செலவும் சிரமமும் கூடியிருக்கிறது. பத்துக் கடைக்கு மட்டும் கொடுப்பவருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. நேரில் போய் நிறுவிவிட்டு ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வாருங்கள்.

எக்செலிலிருந்து மாணவர் பட்டியலை ஏற்றினால் சில அடையாள அட்டை எண்களில் ஓர் இலக்கம் குறைகிறது. (பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் மையம்)

2001 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண்கள்தானே? மைகார்ட் (மலேசிய அடையாள அட்டை) எண் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குவதால் அவர்களுக்கு முதல் இலக்கம் பூஜ்யம். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு பூஜ்யத்தை விழுங்கிவிடுகிறது. ஃபீல்டை எழுத்து வகையாக, 12 இடத்துக்கு வையுங்கள். அந்த எண்ணையே பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் ஃபீல்ட்) ஆக்காதீர்கள். கடவுச்சீட்டோடு வரும் பிள்ளையும் ஒருநாள் சேரும்.

கல்லூரி புராஜெக்ட். பைத்தான் மொழியில், எஸ்க்யூலைட் தரவுத்தளத்தோடு எழுதி, பைஇன்ஸ்டாலர் கருவியில் ஒரே இஎக்ஸ்இ கோப்பு ஆக்கினேன். மென்பொருளை மூடித் திறந்தால் சேர்த்த தரவு எல்லாம் காணாமல் போகிறது. (சைபர்ஜெயா)

ஒரே கோப்பாகக் கட்டும்போது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளிருப்பவை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரிக்கப்படும், மூடும்போது அந்த ஃபோல்டர் அழிக்கப்படும். உங்கள் டேட்டாபேஸும் அதற்குள்ளேதான் இருந்திருக்கிறது. நீங்கள் எழுதியது எல்லாம் ஒழுங்காகத்தான் பதிவாயிற்று, பிறகு ஃபோல்டரோடு போயிற்று. மாதிரி டேட்டாபேஸை மட்டும் உள்ளே வையுங்கள். முதல் முறை ஓடும்போது பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் அதன் பிரதி இல்லையென்றால் நகலெடுங்கள், இருந்தால் தொடாதீர்கள். ஒரே கோப்புக்குப் பதில் ஃபோல்டராகக் கட்டினால் திறப்பதும் வேகமாக இருக்கும், ஆன்டிவைரஸ் சந்தேகப்படுவதும் குறையும்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில்: இந்த எஸ்க்யூலைட் கோப்பை ஷேர் ஃபோல்டரில் வைத்துப் பலர் திறக்கலாமா என்று அடுத்து நினைப்பீர்கள். வேண்டாம். நெட்வொர்க் டிரைவ்களில் கோப்புப் பூட்டு நம்பகமாக வேலை செய்யாது.

புதிய பதிப்பு கொடுக்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. சேவை வரி மாறியபோது எல்லாக் கடைக்கும் ஓடினேன். இதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா? (கிள்ளான்)

முதலில் வரி. 2015 ஏப்ரல் 1-இல் ஜிஎஸ்டி 6 விழுக்காடு வந்தது. 2018 ஜூன் 1-இல் சுழியம் ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பி வந்தது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடு, ஆனால் உணவு, பானச் சேவைக்கு 6 விழுக்காடே நீடித்தது. 2025 ஜூலை 1-இல் வரம்பு மேலும் விரிந்தது. இப்படி மாறும் ஒன்றை நிரலுக்குள் எழுதியவர் ஓடத்தான் வேண்டும். வரி வகை, விழுக்காடு, எந்தத் தேதி முதல் என்று மூன்று பத்திகளோடு பேக்-எண்டில் ஒரு டேபிள் போடுங்கள். பில் தேதியை வைத்து விழுக்காட்டைத் தேடி எடுக்கட்டும். எடுத்த விழுக்காட்டைப் பில்லின் பதிவிலேயே எழுதியும் விடுங்கள். இல்லாவிட்டால் பழைய பில்லை மறுபடி அச்சிடும்போது புது வரியோடு வந்து நிற்கும், கணக்காய்வாளர் உங்களைத் தேடுவார். 5 சென் முழுமையாக்கமும் இப்படித்தான், 2008 ஏப்ரல் முதல் ரொக்கத் தொகைக்கு உள்ள விதி அது. அதற்கு ஆக்சஸின் நிரல் மொழியான விபிஏவின் ‘ரவுண்டு’ ஃபங்ஷனை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். அது பாதியை இரட்டைப்படை எண் பக்கம் தள்ளும், 2.5-ஐ 2 ஆக்கும்.

இனிப் பதிப்பு. ஃபிரன்ட்-எண்டில் ஒரு பதிப்பு எண், பேக்-எண்டில் ஒரு பதிப்பு எண். திறக்கும்போது இரண்டையும் ஒப்பிடட்டும். ஷேரில் புதிய ஃபிரன்ட்-எண்ட் இருந்தால் அதை நகலெடுத்துத் திறக்க ஒரு சிறிய பேட்ச் (.bat) கோப்பு போதும். டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான் அந்த பேட்ச் கோப்பைச் சுட்டட்டும். கடைக்காரருக்கு எதுவும் மாறியதே தெரியாது.

பேக்-எண்ட் அப்படி அல்ல. அதை ஒருபோதும் உங்கள் கோப்பால் மாற்றி வைக்காதீர்கள், அதில் கடையின் வியாபாரம் இருக்கிறது. புதிய ஃபீல்ட் தேவையென்றால் அதைச் சேர்க்கும் கட்டளையை நிரலில் எழுதுங்கள். பதிப்பு 7 என்றால் 8-க்கு உயர்த்தும் கட்டளைகள், 8 என்றால் 9-க்கு, இப்படி வரிசையாக. ஆறு மாதம் தொடாத கடையும் படிப்படியாக ஏறி வந்துவிடும். ஏறுவதற்கு முன் பேக்-எண்டைத் தேதியிட்டு நகலெடுப்பது முதல் கட்டளையாக இருக்கட்டும். எஸ்க்யூலைட்காரர்களுக்கு இந்தப் பதிப்பு எண்ணை வைக்க ‘யூசர் வெர்ஷன்’ என்று ஓர் இடமே கோப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலையில் புதுப் பதிப்பு அனுப்பாதீர்கள். தைப்பூச வாரத்தில் நிச்சயமாக வேண்டாம்.

கோயில் உபய ரசீது மென்பொருளில் தமிழ் சில கணினிகளில் கேள்விக்குறியாக வருகிறது, சிலவற்றில் அச்சு வரி உடைகிறது. (பிறை, பினாங்கு)

இரண்டும் வேறு வேறு நோய். கேள்விக்குறி வருவது விபிஏ எடிட்டர் யூனிகோட் அறியாததால். நிரலுக்குள் தமிழ் எழுதாதீர்கள். தமிழ் வாசகங்களை ஒரு டேபிளில் வைத்து அங்கிருந்து எடுங்கள், செய்திப் பெட்டிக்குப் பதில் சொந்தமாக ஒரு சிறிய ஃபாரம் செய்துகொள்ளுங்கள். வரி உடைவது எழுத்துருவால். லதா எழுத்துரு விண்டோஸ் 10 முதல் கூடுதலாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. அது இல்லாத கணினி வேறொன்றை எடுத்துக்கொள்ளும், அகலம் மாறிவிடும். எல்லாக் கணினியிலும் இருப்பது நிர்மலா யுஐ. அதில் வடிவமைத்தால் அச்சு நிற்கும். பழைய ரசீதுகள் டிஸ்கி (யூனிகோடுக்கு முந்திய தமிழ்க் குறியீடு) எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

எஸ்க்யூலைட்டில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அது எழுத்துகளை யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். னகரம் அங்கே நகரத்துக்கு அடுத்து இருப்பதால் கமலாவுக்குப் பின் வர வேண்டிய கனகா முன்னால் வந்து நிற்பார். எழுத்து வரிசையைச் சொல்லும் கொலேஷன் ஃபங்ஷன் ஒன்றைச் சொந்தமாக எழுதிச் சேர்த்தால் தீரும். உபயக்காரர் பட்டியலைப் பலகையில் ஒட்டுவதற்கு முன் செய்துவிடுங்கள்.

கிளினிக்குக்கு எழுதிய மென்பொருள். பேக்-எண்டுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன், ஏசிசிடிஇ ஆக்கியும் கொடுத்துவிட்டேன். பாதுகாப்பு போதுமா? (செராஸ்)

போதாது. ஏசிசிடிஇ உங்கள் நிரலை மறைக்கும், தரவை மறைக்காது. பாஸ்வேர்டு போட்ட பேக்-எண்ட் குறியாக்கம் ஆகும் என்பது உண்மை. ஆனால் அதோடு இணைத்த டேபிள்களின் இணைப்புக் குறிப்பில் அந்தப் பாஸ்வேர்டு அப்படியே எழுதப்பட்டிருக்கும். முழு ஆக்சஸ் வைத்திருக்கும் ஒருவர் ஃபிரன்ட்-எண்டின் சிஸ்டம் டேபிளைத் திறந்து படித்துவிடலாம்.

நோயாளியின் உடல்நல விவரம் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ‘சென்சிடிவ்’, அதாவது கூடுதல் கவனம் வேண்டிய தரவு. 2025 ஜூன் 1 முதல் தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமையும் வந்துவிட்டது. கிளினிக் என்றால் என் ஆலோசனை: எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாறுங்கள், ஒவ்வொருவருக்கும் விண்டோஸ் கணக்கு வழியாக உரிமை கொடுங்கள். எக்ஸ்பிரஸில் தானியங்கி அட்டவணைச் சேவை கிடையாது என்பதால் பேக்கப்பை விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் போட வேண்டும். கணினி இன்னும் விண்டோஸ் 10 என்றால், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆபிஸ் 2016, 2019-க்கும் அதே தேதிதான். சோதனைக்கு உண்மையான நோயாளிகளின் பட்டியலை உங்கள் லேப்டாப்பில் வைத்திருந்தால் இன்றே அழியுங்கள்.

வாடிக்கையாளர் மூல நிரலையும் கேட்கிறார். கொடுக்கலாமா? (பூச்சோங்)

தரவு அவருடையது. அதை எந்த நேரத்திலும் எக்செலாக எடுத்துக்கொள்ளும் பட்டன் மென்பொருளிலேயே இருக்க வேண்டும், அதற்குக் காசு கேட்கக் கூடாது. நிரல் உங்களுடையது. வேண்டுமென்றால் தனி விலை பேசி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள். பேச்சை முன்பணம் வாங்கும் நாளிலேயே முடித்துவிடுங்கள்.