வேட்பாளருக்குப் போதைப்பொருள் பரிசோதனை: ஊர்க்கட்டுப்பாடு செல்லுமா?

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் பாமணியாற்றை ஒட்டிய எங்கள் ஊரில் கஞ்சாப் புழக்கம் கூடிவிட்டது. அதனால் ஊராட்சித் தேர்தலில் நிற்பவர்கள் சிறுநீர்ப் பரிசோதனை செய்து அறிக்கையைக் கோயில் மண்டபத்தில் ஒட்ட வேண்டும், வென்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். மறுப்பவரின் குடும்பத்தை ஊரை விட்டு விலக்கி வைப்பார்களாம். எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை. வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்க விரும்பும் நான் இதற்குக் கட்டுப்பட வேண்டுமா?

பதில்: கட்டுப்பட வேண்டியதில்லை. சட்டமன்றத் தேர்தலுக்குப் பொருந்தும் தகுதியின்மைகளும், மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் கூறப்பட்டவையுமே ஊராட்சி உறுப்பினரைத் தடுக்கும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243எஃப் உறுப்பு சொல்கிறது. ஊர்க்கூட்டத்துக்கு மட்டுமல்ல, முறைப்படி கூடும் கிராம சபைக்கும் அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கும் அதிகாரம் இல்லை. பரிசோதனை அறிக்கை இல்லை என்பதற்காகத் தேர்தல் நடத்தும் அலுவலர் உங்கள் வேட்புமனுவைத் தள்ள முடியாது.

உங்கள் ஊர்ப் பெரியவர்களின் கவலை நியாயமானது. அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 8ஆவது பிரிவின்படி, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இன் கீழ் தண்டிக்கப்பட்டவர், அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டிருந்தாலும், 6 ஆண்டுகள் போட்டியிட முடியாது. சிறைத் தண்டனை பெற்றவருக்கு, விடுதலைக்குப் பிறகும் 6 ஆண்டுகள் அத்தடை தொடரும். 243எஃப் வழியாக இது ஊராட்சித் தேர்தலுக்கும் பொருந்துவதால், அப்படிப்பட்டவர் நின்றால் தீர்ப்பின் நகலுடன் மனுப் பரிசீலனையின்போது ஆட்சேபிக்கலாம். ஆனால் தகுதியை நீக்குவது நீதிமன்றத் தீர்ப்பே அன்றி, ஆய்வகச் சீட்டு அல்ல.

அந்தச் சீட்டை அவ்வளவு நம்பவும் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும், சில வேளைகளில் குருமாவில் கசகசா சேர்த்து உண்டவருக்கும்கூட, முதற்கட்டச் சிறுநீர்ப் பரிசோதனை அபின் வகைப் பொருள் இருப்பதாகக் காட்டக்கூடும். அதை மண்டபத்தில் ஒட்டிய பின் யாரிடம் போய் விளக்குவது? 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்து, அதில் தலையிடச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும் என்றது. ஊர்க்கூட்ட முடிவு சட்டம் ஆகாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் வேட்பாளர்களுக்கு இத்தகைய பரிசோதனையைச் சட்டம் இயற்றியே கட்டாயமாக்கியிருந்தும், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997இல் அது செல்லாது என்றது.

பழக்கம் இல்லாத நீங்கள், வம்பு எதற்கு என்று பரிசோதனை செய்துகொள்ள நினைக்கலாம். அது உங்கள் விருப்பம். ஆனாலும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நீங்கள் இணங்கினால், மனநலத்துக்காகவோ தீராத வலிக்காகவோ மருந்து உண்ணும் இன்னொருவர், தன் நோயை ஊரறியச் சொல்வது அல்லது தேர்தலை விட்டு ஒதுங்குவது என்ற நிலைக்குத் தள்ளப்படுவார்.

விலக்கிவைப்போம் என்ற மிரட்டல் தனிக் குற்றம். தேர்தலில் நிற்கும் உரிமையில் தலையிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றத் தண்டனைச் சட்டத்தின் 171ஆவது பிரிவின்படி ‘முறையற்ற செல்வாக்கு’ என்ற குற்றம். 174ஆவது பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. யார், எந்த நாளில், எந்தச் சொற்களில் மிரட்டினார்கள் என்பதை எழுதி, வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் முன்பே மாவட்ட ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.