பழைய கேம் ஹேங் ஆகிறது, சத்தம் திக்குகிறது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கேம் ஒன்றை விண்டோஸ் 10-ல் போட்டிருக்கேன். நடுவுல அப்படியே ஹேங் ஆகுது. அப்போ கடைசியா வந்த சத்தம் மட்டும் "ட-ட-ட-ட"னு ஓடிக்கிட்டே இருக்கு. சவுண்ட் கார்டு போயிடுச்சா?

பதில்: இல்லை. கார்டு நன்றாக வேலை செய்வதால்தான் அந்த "ட-ட-ட" கேட்கிறது. டைரக்ட்சவுண்ட் (விண்டோஸின் பழைய ஒலி வழி) காலத்துக் கேம்கள் சத்தத்தை வட்டமான ஒரு பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், எழுதும். கேம் முன்னால் எழுதிக்கொண்டே போகும், பின்னாலேயே அதைப் படித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் வேலையும் நடக்கும். கேம் மாட்டிக்கொண்டால் எழுதுவது நின்றுவிடும், படிப்பது நிற்காது. பஃபரில் மிச்சமிருக்கும் துண்டுச் சத்தமே சுற்றிச் சுற்றி வரும். ஆகவே உங்கள் கேஸில் ஹேங் ஆனது கேம்தான். சத்தத்தை விட்டுவிட்டு டிஸ்க், மெமரி, கிராபிக்ஸ் டிரைவர் இந்த மூன்றைப் பாருங்கள்.

எல்லோருக்குமாக ஒன்று சொல்கிறேன். எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள். படமும் சத்தமும் சேர்ந்து நின்று ஒரே துண்டு திரும்ப ஓடினால் கேம் மாட்டியிருக்கிறது. படம் வழுக்கிக்கொண்டு ஓட, சத்தம் மட்டும் கரகரவென்றோ பட்பட்டென்றோ உடைந்தால், சத்தத்துக்கான டேட்டா நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இசை மட்டும் சுத்தமாக அடங்கி, சில நொடி கழித்துத் திரும்பினால் ஹார்ட் டிஸ்க் அல்லது சிடி தாமதிக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பலர் நாள்கணக்கில் அல்லாடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு அந்த மூணாவது வகை. ரொம்ப நேரம் ஒரே லெவல்ல இருந்துட்டு அடுத்த இடத்துக்குப் போனா நாலஞ்சு செகண்ட் எல்லாம் நின்னு, பிறகு ஒழுங்கா ஓடுது.

பதில்: கேம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் தூங்கிப்போயிருக்கிறது. நின்ற டிஸ்க் மறுபடி முழு வேகத்துக்குச் சுழலச் சில நொடிகள் ஆகும். அதுவரை பழைய கேம் வேறெதுவும் செய்யாமல் காத்திருக்கும். பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்ட் பகுதியில், ஹார்ட் டிஸ்கை எத்தனை நிமிடத்தில் அணைப்பது என்று இருக்கும். பெரும்பாலும் 20 என்றிருக்கும், அதை 0 ஆக்குங்கள். 0 என்றால் எப்போதும் அணைக்காதே என்று பொருள். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் என்றால் இது போதாமல் போகலாம், அவற்றில் பல தம் சொந்தக் கணக்கில் தூங்கும். கேம் ஃபோல்டரை எஸ்எஸ்டிக்கு மாற்றுவதே நல்ல வழி. கையோடு ஆன்டிவைரஸில் அந்த ஃபோல்டருக்கு விலக்கும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிடியிலிருந்தே பாட்டு வரும் கேமுக்கும் இதே வழியா?

பதில்: இல்லை. 1996-ல் வந்த க்வேக் போன்றவை சிடியின் ஆடியோ ட்ராக்கையே இசையாக ஓட்டும். ட்ராக் மாறும்போது டிரைவ் தேடும், கேம் திணறும். ட்ராக்குகளை ஓஜிஜி கோப்புகளாக மாற்றி, ஓஜிஜி-வின்எம்எம் என்ற சிறிய கோப்பைக் கேம் ஃபோல்டரில் வைத்தால், சிடியைக் கேட்கும் கட்டளைகளை அது வாங்கிக்கொண்டு கோப்புகளை ஓட்டும். எண்ணிடும்போது கவனம்: முதல் ட்ராக் கேமின் டேட்டா, இசை 02-லிருந்துதான் தொடங்கும். 01 என்று ஆரம்பித்தால் எல்லாப் பாட்டும் ஒரு லெவல் தள்ளி வரும்.

கேள்வி: லேப்டாப்பில் படம் பக்காவா ஓடுது, சத்தம் மட்டும் பட்பட்னு வெடிக்குது. ஆடியோ டிரைவரை மூணு தடவை மாத்தியாச்சு.

பதில்: குற்றவாளி பெரும்பாலும் ஆடியோ டிரைவராக இருக்காது. விண்டோஸின் ஆடியோ என்ஜின் வழக்கமாக 10 மில்லிசெகண்ட் துண்டுகளாகச் சத்தத்தை நகர்த்துகிறது. வேறொரு டிரைவர் சிபியுவை அதற்கு மேல் பிடித்துக்கொண்டால், அடுத்த துண்டு வந்து சேராமல் இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் உங்களுக்கு "பட்" என்று கேட்கிறது.

லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டு, கேமை பத்து நிமிடம் ஆடுங்கள். பிறகு டிரைவர்ஸ் பக்கத்தில், அதிகபட்ச நேரம் எடுத்த டிரைவர் மேலே வருமாறு வரிசைப்படுத்துங்கள். என்டிஐஎஸ் மேலே இருந்தால் நெட்வொர்க்: வைஃபையை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள், வெடிப்பு நின்றால் வைஃபை டிரைவரைத்தான் மாற்ற வேண்டும். ஏசிபிஐ மேலே இருந்தால் பவர் சமாச்சாரம்: பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள், பயாஸ் அப்டேட் இருந்தால் போடுங்கள். என்வி என்று தொடங்கும் பெயர் மேலே இருந்தால் என்விடியா டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுங்கள்.

அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போங்கள். என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணையுங்கள், ஸ்பேஷியல் சவுண்டையும்தான். டிஃபால்ட் ஃபார்மட் 192000 ஹெர்ட்ஸில் இருந்தால் 16 பிட், 44100 அல்லது 48000-க்கு இறக்குங்கள். 22050 ஹெர்ட்ஸில் பதிவான துப்பாக்கிச் சத்தம் 192000-ல் ஓடினால் துளிகூடத் தெளிவு கூடாது.

கேள்வி: சிபியுவின் ஒரே ஒரு கோரில் ஓட்டினால் சரியாகும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: அந்த யோசனைக்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. 2005-ல் வந்த அத்லான் 64 எக்ஸ்2 போன்ற முதல் இரட்டைக் கோர் சிப்களில் ஒவ்வொரு கோரின் நேரக் கணக்கும் தனித்தனியாக நகரும். கேம் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் நேரம் பின்னால் போனது போலிருக்கும், சத்தமும் ஓட்டமும் குழம்பும். இன்றைய சிப்களில் அந்தக் குறை இல்லை. ஆனாலும் பல த்ரெட்கள் (கேமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) நிஜமாகவே ஒரே சமயத்தில் ஓடுவதைத் தாங்காத கேம்களுக்கு இது இன்றும் உதவுகிறது.

உங்களுக்கு மோசமானதன் காரணம், பெரும்பாலோர் செய்வது போல சிபியு 0-ஐத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். டிரைவர்களின் இன்டரப்ட் வேலைகளில், அதாவது கருவிகள் சிபியுவை இடைமறித்துக் கேட்கும் வேலைகளில், பெரும்பகுதி வழக்கமாக அங்கேதான் வந்து விழும். அதோடு, கேம் நொடிக்கு 300 ஃபிரேமில் வெறித்தனமாக ஓடினால் அந்த ஒற்றைக் கோரில் சத்தத்துக்கான த்ரெட்டுக்கு இடமே கிடைக்காது. முதலில் வி-சிங்க் போட்டோ ஃபிரேம் லிமிட்டர் வைத்தோ 60-ல் நிறுத்துங்கள். பிறகு டாஸ்க் மேனேஜர், டீட்டெய்ல்ஸ், கேமின் மேல் ரைட் கிளிக், செட் அஃபினிட்டி: சிபியு 2-ஐயும் 4-ஐயும் மட்டும் டிக் செய்யுங்கள். ஹைப்பர்த்ரெடிங் உள்ள சிப்பில் 2-ம் 3-ம் ஒரே கோரின் இரண்டு முகங்கள், அதனால்தான் ஒன்று விட்டு ஒன்று. கேமை மூடினால் இந்த செட்டிங் போய்விடும், ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

கேள்வி: ஆப்ஷன்ஸில் ஹார்ட்வேர் சவுண்ட், ஈஏஎக்ஸ் (எதிரொலி எஃபெக்ட்) இரண்டையும் ஆன் செய்தால் லெவல் லோடிங்கிலேயே நின்றுவிடுகிறது.

பதில்: 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் டைரக்ட்சவுண்டுக்கான ஹார்ட்வேர் வழியையே எடுத்துவிட்டார்கள். கேம் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் அணைத்தால் கேம் ஓடும், ஆனால் குகைக்குள் காலடி எதிரொலிக்கும் அந்த அழகு போய்விடும். அதை இழக்க வேண்டியதில்லை. டிஎஸ்ஓஏஎல் என்ற இலவச மாற்று டிஎல்எல்லை, கேமின் எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் வையுங்கள். கேமின் ஒலிக் கட்டளைகளை அது ஓபன்ஏஎல் என்ற வேறொரு ஒலி வழிக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றாலும் கேம் 32 பிட் என்றால் 32 பிட் டிஎல்எல்தான் வேண்டும். இதில் தவறுகிறவர்கள் அதிகம்.

கேள்வி: டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் கேம்களை ஓட்டும் நிரல்) ஒரு பழைய கேம். "வெல்கம்" என்று சொல்ல வேண்டியது "வெல்-வெல்-வெல்" என்று நிற்காமல் வருகிறது.

பதில்: ஐஆர்க்யூ எண், அதாவது இன்டரப்ட் வரும் வாசலின் எண், பொருந்தவில்லை. சவுண்ட் பிளாஸ்டர் (டாஸ்பாக்ஸ் பாவனை செய்யும் பழைய சவுண்ட் கார்டு) ஒரு துண்டை ஓட்டி முடித்ததும் "அடுத்ததைக் கொடு" என்று இன்டரப்ட் மணி அடிக்கும். கேம் 5-ம் எண் வாசலில் காத்திருக்க, டாஸ்பாக்ஸ் 7-ம் எண் வாசலில் மணி அடிக்கிறது. யாரும் வராததால் பழைய துண்டே ஓடுகிறது. கேமின் செட்டப் நிரலில் போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள், முழுச் சொல்லும் கேட்கும்.

கரகரப்பு என்றால் அது வேறு கதை. கன்ட்ரோலும் எஃப்12-ம் சேர்த்து அழுத்தினால் சைக்கிள்ஸ் (டாஸ்பாக்ஸ் கேமுக்குக் கொடுக்கும் சிபியு வேகம்) ஏறும், எஃப்11 இறக்கும். ஏற்ற ஏற்ற சத்தம் தெளிந்து, ஓர் இடத்துக்கு மேல் மறுபடி கிழியத் தொடங்கும். அங்கே உங்கள் சிபியு மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் இறங்கி நில்லுங்கள். போதவில்லை என்றால் கான்ஃபிக் கோப்பின் மிக்ஸர் பகுதியில் பிளாக்சைஸை 1024-லிருந்து 2048-க்கும், ப்ரீபஃபரை 25-லிருந்து 50-க்கும் மாற்றுங்கள். சத்தம் இம்மி பிந்தும், அவ்வளவுதான்.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டில் மட்டும் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆகி, விட்டு விட்டு வருது.

பதில்: கேம் வாய்ஸ் சாட்டுக்காக மைக்கைத் திறக்கிறது, ஹெட்செட் உடனே அழைப்பு மோடுக்குத் தாவுகிறது. கேமில் வாய்ஸை அணையுங்கள், அல்லது சவுண்ட் செட்டிங்ஸில் அந்த ஹெட்செட்டின் மைக்கை டிஸேபிள் செய்யுங்கள்.

கேள்வி: ஹாஃப்-லைஃபில் கூட்டமாக எதிரிகள் வந்தால் மட்டும் திக்குகிறது. இதற்கு கேமின் கன்சோலில் (கட்டளை தட்டும் இடத்தில்) ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. க்வேக் வழி வந்த என்ஜின்களில் மிக்ஸ்அஹெட் என்றொரு அளவு இருக்கிறது, எத்தனை நொடிக்கான சத்தத்தை முன்கூட்டியே கலந்து வைப்பது என்பது. ஹாஃப்-லைஃபில் அது 0.1. ஒரு ஃபிரேம் வரைய 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஆனால் கையிருப்பு தீர்ந்துவிடும், திக்கும். 0.2 கொடுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள், சுட்ட பிறகு சத்தம் வருவது கைக்கே தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: லினக்ஸில் வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓட்டுகிறேன். எல்லா பழைய கேமிலும் கரகரப்பு.

பதில்: எல்லாவற்றிலும் என்றால் பஃபர் சிறியதாக இருக்கிறது. பல்ஸ் லேட்டன்சி எம்செக் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 60 என்று கொடுத்துக் கேமைத் தொடங்குங்கள். பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர். 60-ல் அடங்கவில்லை என்றால் 90 வரை முயலுங்கள்.