முட்டைக்குள்ளேயே சாகும் குஞ்சுகள்: மன்னார்குடி நண்பருக்கு

நாட்டுக்கோழி முட்டை பாதிக்குமேல் பொரியவில்லை, உடைத்துப் பார்த்தால் முழுசாக வளர்ந்த குஞ்சு நீர் கோத்துச் செத்திருக்கிறது என்கிறீர்கள். மழையில் சேறான முட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் கழுவி இன்குபேட்டரில் அடுக்கினீர்களாம். எனக்கு முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான்.

ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, அகன்ற முனையில் அதிகம். அவற்றின் வழியே காற்று உள்ளே போக வேண்டும், நீர் ஆவியாகி வெளியேற வேண்டும். அடுக்கிய 18ஆம் நாளுக்குள் முட்டையின் எடை சுமார் 12 சதவீதம் குறைந்தால் சரி. குறையாவிட்டால் முட்டைக்குள் காற்று நிற்கும் காற்றறை சிறுத்து, குஞ்சுக்கு மூச்சுவிட இடமிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் நம் டெல்டாக் காற்றே ஈரம். இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டையும் நிறைத்து வைத்தால் கேட்கவே வேண்டாம். முதல் 18 நாள் தண்ணீரைக் குறைத்து, நாலைந்து முட்டைகளை எடைபோட்டுப் பாருங்கள். கடைசி மூன்று நாள்தான் ஈரம் கூட வேண்டும்.

அப்புறம், கழுவாதீர்கள். ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும். குளிர்ந்த நீரில் உள்ளிருப்பது சுருங்கி, கிருமியைத் துளை வழியே இழுத்துக்கொள்ளும். சேறான முட்டை குழம்புக்குப் போகட்டும்.

மெல்லிய ஓட்டு முட்டைகளுக்கு எதிர்ப் பிரச்சினை, சீக்கிரம் காய்ந்துவிடும். அவற்றையும் அடைக்கு வைக்காமல், கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள்.