மேல்தளம் வார்த்து ஏழாம் நாளில் முட்டுகளைப் பிரிக்கலாமா?

குளச்சலுக்கு அருகில் வீடு கட்டிக்கொண்டிருப்பதாகவும், மேல்தளம் வார்த்து ஏழு நாள் ஆகிவிட்டதால் நாளை சென்ட்ரிங்கை, அதாவது தளத்தைத் தாங்கி நிற்கும் தகடு, சட்டம், முட்டுகளை, பிரித்துவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வதாகவும், கூடத்தின் அகலம் 16 அடி, சிமெண்டு பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்தது) என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிரிக்கலாமா, பிரிக்கிறவர்களுக்கு ஆபத்து உண்டா என்று கேட்கிறீர்கள். கூடத்தின் முட்டுகளை நாளை பிரிக்க விடாதீர்கள். ஆபத்து உண்டு, அது முதலில் அந்தத் தொழிலாளர்களுக்குத்தான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பகுதியைச் சேர்ந்தவன். வளைகுடாவில் எட்டு ஆண்டுகள் கட்டுமானத்தில் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, இப்போது மாவட்டத்துக்குள்ளேயே வீட்டு வேலைகளை எடுத்து நடத்துகிறேன். ஆகையால் கான்ட்ராக்டரின் அவசரமும் எனக்குப் புரியாததல்ல. தகடும் ஜாக்கி என்கிற இரும்பு முட்டும் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை; அடுத்த சைட்டில் அவற்றுக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். ‘ஏழு நாள் போதும்’ என்ற பேச்சு பெரும்பாலும் இந்த வாடகைக் கணக்கிலிருந்து வருவதுதான்.

ஆனாலும் ஏழு நாள் என்பது காற்றில் வந்த எண் அல்ல. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 456, தாங்கும் சுவர்களுக்கோ உத்திரங்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளிலும், அதற்கு மேற்பட்டதை 14 நாளிலும் எடுக்கலாம் என்கிறது. உத்திரத்துக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். 4.5 மீட்டர் என்பது 14 அடி 9 அங்குலம். உங்கள் கூடம் 16 அடி என்பதால் அந்தக் கணக்கிலேயே 14 நாள் வேண்டும். இந்த நாள்கணக்கு சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, அதாவது ஓ.பி.சி.க்கு, நன்றாகத் தண்ணீர் விட்டு ஆற்றிய கான்கிரீட்டுக்குச் சொன்னது என்பதைப் பலரும் படிப்பதில்லை. வேறு சிமெண்டு என்றால் நாள்கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதே இடத்தில் இருக்கிறது. சாம்பல் கலந்த பி.பி.சி. முடிவில் நல்ல வலுவைத் தரும். முதல் சில நாட்களில்தான் பின்தங்கும். எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் 28 நாளில் அடைய வேண்டிய வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஓ.பி.சி. ஏழு நாளில் எட்டும் என்றால், பி.பி.சி. அதைவிடக் குறைவாகத்தான் எட்டியிருக்கும். என் வேலைகளில் பி.பி.சி. போட்ட கூடத்துக்கு 21 நாள் முடியாமல் நான் முட்டில் கை வைக்க விடுவதில்லை. இது என் சொந்த வழக்கம். கொஞ்சம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும்.

தகட்டை மட்டும் மூன்றாம் நாளே எடுக்கலாமே என்று கான்ட்ராக்டர் சொல்லக்கூடும். தரக்குறிப்பில் அப்படி உண்டு. ஆனால் எடுத்த உடனே முட்டைத் திரும்ப நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு உண்டு. நம் ஊரில் தகடும் சட்டமும் முட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால், ஒன்றை உருவினால் மற்றவை ஆடிப்போகும். அப்படியெல்லாம் பகுதி பகுதியாக எடுப்பது இங்கே ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

என் வேலை ஒன்றில் வார்ப்பு நாளில் நடந்ததைச் சொல்கிறேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியிருந்த நேரம். 1000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம். ஈரக் கான்கிரீட்டின் எடை மட்டும் ஏறத்தாழ 29 டன். மூன்றடிக்கு ஒன்று என நிறுத்திய ஒவ்வொரு முட்டின் தலையிலும் ஏறத்தாழ 260 கிலோ, அதற்கு மேல் ஆட்களும் குவித்த கலவையும். அடித்தளத்துக்குள் புதிதாகக் கொட்டிய செம்மண்ணின் மேல் அரைச் செங்கல்லை வைத்து, அதன்மேல் ரப்பர் கம்பையும் கமுகுக் கம்பையும் நிறுத்தியிருந்தார்கள். முந்தைய இரவின் மழையில் மண் இளகியிருந்தது. பாதி வார்ப்பில், கீழே ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்த கையாள் மேலே வந்து, “சாறே, வடக்கு மூலையில முட்டு தாழுது” என்றார். இறங்கிப் பார்த்தேன், செங்கல் ஈர மண்ணுக்குள் முழுவதும் போயிருந்தது, முட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைந்தது. வார்ப்பை நிறுத்தி, மேலே இருந்தவர்களை அந்தப் பக்கத்திலிருந்து விலக்கி, கலவையை வாரி எடுத்து, பலகை போட்டு ஜாக்கி வைக்க இரண்டு மணி நேரம் ஆனது. முட்டைச் சரிபார்க்காமல் விட்டது என் தவறு. அதன் பின் செங்கல்லின் மேல் முட்டு நிறுத்த நான் விட்டதில்லை. அகலமான பலகை கட்டாயம், வார்ப்பு நேரத்தில் கீழே யாரும் நிற்கக் கூடாது, கண்காணிக்கிற ஒருவரும் வெளி ஓரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

இனி பிரிக்கும் முறை. நான்கு பக்கமும் சுவரிலோ உத்திரத்திலோ உட்கார்ந்திருக்கும் தளத்துக்கு நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி முட்டுகளைத் தளர்த்த வேண்டும். சன்ஷேடு, பால்கனி போல ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளவற்றுக்கு நேர் எதிர்: வெளி நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். சுவர்ப்பக்க முட்டை முதலில் எடுத்து நுனி முட்டை விட்டுவைத்தால், தளம் அதுவரை அறியாத வகையில் வளைந்து, கம்பி இல்லாத பக்கம் பிளக்கும்.

இந்தச் சன்ஷேடுதான் நம் மாவட்டத்து வீடுகளில் என்னை மிகவும் பயமுறுத்துவது. அதன் முக்கியக் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும். கட்டும்போது மேலேதான் கட்டுவார்கள். வார்ப்பின்போது சட்டியோடு போகிறவர்கள் மிதித்து மிதித்து அது கீழே போய்விடும். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. பத்து நாள் கழித்து முட்டைத் தட்டியதும் சன்ஷேடு சுவரோரம் மடங்கி விழுந்து, தட்டியவரின் தோள் எலும்பு முறிந்தது. உடைந்த விளிம்பைப் பார்த்தேன். நான்கு அங்குலக் கனத்தில் மேலிருந்து மூன்று அங்குலத்துக்குக் கீழே கம்பி கிடந்தது. கான்கிரீட்டின் மீது குறையில்லை, நாளும் பெரிதாகக் குறையவில்லை. கம்பியைத் தாங்க நாலு ‘சேர்’ கம்பி வளைத்து வைத்து, நடப்பதற்கு ஒரு பலகை போட்டிருந்தால் போதும். உங்கள் சன்ஷேடு வார்ப்பின்போது எடுத்த படம் கைப்பேசியில் இருந்தால், பிரிப்பதற்கு முன் அதைப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

பிரிக்கும் நாளில் ஆட்கள் தலைக்கவசமும் ஷூவும் போட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆணி நீட்டிய பலகையில் வெறுங்காலோடு நடப்பது நம்மூரில் சாதாரணமாகிவிட்டது. வார்ப்பன்றும் அப்படியே: ஈரக் கலவை கடுங்காரம், அதில் மணிக்கணக்கில் நிற்கும் கால் மறுநாள் வெந்து வெடித்திருக்கும், ரப்பர் பூட்சு அதற்கு விலை குறைந்த மருந்து. தூண் கம்பிகளின் நுனியில் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை கிழியாமல் அது காக்கும். மேலேயிருந்து ஒருவர் விழுந்தால் காக்காது. விழுகிற இடத்தில் நிற்கும் கம்பியை வளைத்துவிடுவதோ, மேலே கனமான பலகையைக் கட்டுவதோதான் வழி.

மாடிக்கு அருகே மின்கம்பி போனால் கூடுதலாகக் கவனியுங்கள். கான்கிரீட்டுக்கான இரும்புக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதைக் கீழிருந்து நிமிர்த்தி மேலே கொடுக்கும்போது யாருக்கும் மறுமுனை தெரியாது. மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின் ஏற்றச் சொல்லுங்கள்.

இப்போது வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் என்றால், ‘அந்த முட்டைத் தொடாதே’ என்பது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நான் விட்டுவைக்க வேண்டிய முட்டுகளில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போடுகிறேன். உத்திரத்தில் வார்த்த தேதியையும் எழுதிவிடுகிறேன். அதற்கு மொழி தேவையில்லை. உள்ளூர் ஆட்கள் என்றால் 1994 முதல் இருக்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு அட்டை தேடுவது பயனில்லாதது.

கான்ட்ராக்டரிடம் சண்டை போட வேண்டியதில்லை. மீதி நாட்களுக்கான தகடு, முட்டு வாடகையை நானே தருகிறேன் என்று சொல்லுங்கள். சிறிய அறைகள் 10 அடி, 11 அடி என்றால் 14 நாளில் அவற்றைப் பிரித்து அவர் பொருளில் ஒரு பகுதியைக் கொண்டுபோகட்டும். கூடம், உத்திரம், சன்ஷேடு மூன்றும் 21 நாள் நிற்கட்டும். அதுவரை தளத்தின் மேல் பாத்திகட்டித் தண்ணீர் நிறுத்தி வைத்திருங்கள். மழை பெய்கிறதே என்று பாத்தியை உடைத்துவிடாதீர்கள், குளச்சல் வெயிலும் கடற்காற்றும் ஒரு பகலில் தளத்தை உலர்த்திவிடும்.