அப்பா விட்டுப்போன மூன்று பெட்டி: எம்ஜி உதிரிபாகங்களை விற்கலாமா, இன்னும் வாங்கலாமா?

கேள்வி: என் அப்பா சென்னையில் கார் பட்டறை வைத்திருந்தார். 2021-ல் காலமானார். உயில் எதுவும் இல்லை. எம்ஜி டிசி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் ஒரிஜினல் உதிரிபாகங்கள் மூன்று மரப்பெட்டி நிறைய வீட்டில் கிடக்கின்றன. எல்லாம் 1980-க்கு முன்பே அவர் வாங்கியவை. கார் இல்லை. ஒருவர் மொத்தத்துக்கும் ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். நண்பரோ, “ஃபெராரி முந்நூறு கோடிக்குப் போகிறது, இனி பழைய ஸ்பேர்ஸ்தான் தங்கம், இன்னும் வாங்கிச் சேர்” என்கிறார். அடுத்த மாதம் ஆறு லட்ச ரூபாய் வைப்புநிதி முதிர்கிறது. அதில் பாதியை இதில் போடலாமா? வீட்டில் அம்மா, தங்கை இருக்கிறார்கள்.
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: வைப்புநிதிப் பணத்தில் ஒரு ரூபாயும் இதில் போட வேண்டாம். அதே சமயம், பெட்டிகளை ஒன்றரை லட்சத்துக்கு இப்போதே தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

நண்பர் சொல்லும் ஃபெராரி 250 ஜிடிஓ-வாக இருக்க வேண்டும். 2018-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அப்படி ஒரு கார் 4.84 கோடி டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அந்த மாடலில் செய்யப்பட்டதே 36 கார்கள். உங்கள் டிசி, 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் சுமார் 10,000 செய்யப்பட்ட கார். அழகான வண்டி, ஆசைப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் அதன் பாகங்களில் பலவற்றைப் புதிதாகவே செய்து விற்கும் சிறு வியாபாரிகள் இன்றும் பிரிட்டனில் இருக்கிறார்கள். புதிதாகக் கிடைக்கும் ஒரு பொருளின் பழைய பிரதிக்கு யாரும் பெரிய விலை தர மாட்டார்கள். ஆக, வயதை வைத்து விலை சொல்ல முடியாது. அந்தப் பாகம் இல்லாமல் எத்தனை கார் நிற்கிறது, வேறு வழியில் அது கிடைக்குமா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அந்தக் கண்ணோடு பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ரப்பர் சாமான்கள், பிரேக் ஹோஸ், கார்க் கேஸ்கெட் எல்லாம் அட்டைப்பெட்டி பிரிக்காமலே இருந்தாலும் மதிப்பு கிடையாது. ஐம்பது வருஷம் காய்ந்த ஹோஸை எவன் பிரேக்கில் போடுவான்? மாறாக, ஜேகர் கம்பெனியின் ஸ்பீடோமீட்டரும் ஆர்பிஎம் மீட்டரும் இருந்தால் அவற்றைத் துணியில் சுற்றித் தனியே வையுங்கள். உள்ளே கடிகாரம் போன்ற பல்சக்கர இயக்கம் கொண்டவை அவை. எஸ்யூ கம்பெனியின் இரட்டை கார்புரேட்டர்கள் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பவை) ஜோடியாக இருந்தால் ஜோடியைப் பிரிக்க வேண்டாம். லூகாஸ் கம்பெனியின் மின் பாகங்களான டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது), டைனமோ மீதெல்லாம் மாதமும் வருடமும் அச்சடித்திருப்பார்கள். 1947 கார் வைத்திருப்பவர் 1947 தேதி போட்ட லூகாஸுக்குக் கூடுதலாகத் தருவார். அந்த எண்தான் உங்கள் பணம்.

அதனால் எதையும் தேய்க்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர், பார்க்கப் பளபளப்பாக இருக்கட்டும் என்று பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மதிப்புக் கேட்க வந்தார். பொறித்திருந்த எழுத்து பாதி போய்விட்டது. எஞ்சின் எண் உள்ள எண்கோணத் தகடு தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் விற்கவும் வேண்டாம். எஞ்சின் மாறிப்போய், பதிவிலுள்ள எண்ணோடு பொருந்தாத காருக்குப் பொருந்தும் எண் ‘தயாரிக்க’ அலைகிறவர்கள் கையில் அது போய்ச் சேரும்.

அப்புறம், போல்ட், நட்டு போட்டு வைத்திருக்கும் தகர டப்பா. அதைத்தான் முதலில் காயலான் கடைக்கு அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். டிசி எஞ்சினின் மரை வினோதமானது: மெட்ரிக் மரை, ஆனால் போல்ட்டின் தலை பிரிட்டிஷ் ஸ்பேனர் அளவில். 8 மில்லிமீட்டர் போல்ட்டில் இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.25 மில்லிமீட்டர் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. இதில் இருப்பது 1 மில்லிமீட்டர் பிட்ச். உங்கள் அப்பா அந்த டப்பாவைக் காப்பாற்றி வைத்ததில் காரணம் இருக்கிறது.

வாங்க வருகிறவர் இதையெல்லாம் அறிந்தவராக இருப்பார். மொத்த விலை பேசுவது அவருக்கு வசதி. புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் எடைக்குப் பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விலை விசாரிக்கும்போது விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். உள்ளூரிலும் தேவை இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிகளை ‘விஏ’ எண் வரிசையில் பதியலாம். அப்படிப் பதிய நினைப்பவர்கள் ஒரிஜினல் பாகம் தேடுவார்கள்.

சரி, சட்டப் பக்கம். உயில் இல்லை என்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், இந்தப் பெட்டிகளில் அம்மா, தங்கை, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. விற்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, பட்டியலிட்டு மூவரும் கையெழுத்துப் போடுங்கள். தங்கை கேட்க மாட்டாள் என்று நினைப்பீர்கள். விலை ஏறினால் மாப்பிள்ளை கேட்பார்.

வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. விற்கும்போது உண்டு. அப்பா வைத்திருந்த காலமும் சேரும் என்பதால் இது நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீதம், அவரவர் பங்குக்கு. 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம், ஆனால் அது சிறிய தொகையாகவே இருக்கும். நீங்களே வாங்கி விற்கத் தொடங்கினாலோ அது வியாபார வருமானம் ஆகிவிடும், வரி உங்கள் வருமான வரம்புப்படி.

இன்னும் வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு. ஒரு லட்ச ரூபாய் 7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் சுமார் 1.40 லட்சம் ஆகும். அதே லட்சத்துக்கு ஸ்பேர்ஸ் வாங்கி, விற்கும்போது கமிஷன், பேக்கிங், அனுப்பும் செலவு என்று 15 சதவீதம் போனால், 1.65 லட்சத்துக்கு விற்றால்தான் வங்கிக்குச் சமம். இடையில் வட்டியும் இல்லை, அவசரத்துக்கு அடகும் வைக்க முடியாது. ஜேகர் மீட்டர் அசலா நகலா என்று கையில் எடுத்துச் சொல்லும் கண் உங்கள் அப்பாவுக்கு இருந்தது. உங்களுக்கு இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

ஒன்றரை லட்சக்காரரிடம் கோபப்பட வேண்டாம். பாகவாரியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். எதற்கு அதிகம் எழுதுகிறாரோ, அதைக் கடைசியாக விற்றுக்கொள்ளலாம்.