ரேம் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2018-இல் வாங்கிய கணினி. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் போட்டுவிட்டுக் காபி குடித்து வந்தாலும் தயாராகியிருக்காது. 16 ஜிபி போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா? (மதுரை)

அவசரப்பட வேண்டாம். வழக்கமாக நீங்கள் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துவையுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி (ரேம்தான் அது), டிஸ்க் இரண்டையும் பாருங்கள்.

மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் காபி ஆறத்தான் செய்யும். இரண்டுமே முட்டிக்கொண்டு நின்றால் கதை வேறு: ரேமில் இடம் இல்லாததை விண்டோஸ் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது, டிஸ்க் அதைச் சுமக்க முடியாமல் திணறுகிறது. 4 ஜிபி உள்ள உங்கள் கணினியில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் நான் முதலில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போடுவேன். கணினி திறக்கும் நேரம் அதில்தான் குறையும். அடுத்து ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். பிரவுசர், கடிதம், பிள்ளைகளின் பாடம் என்ற அளவுக்கு அது போதும். வீடியோ எடிட்டிங் செய்வதாக இருந்தால்தான் 16. அதுவும் இப்போது யோசித்துச் செய்யுங்கள். ஏஐ சர்வர்களுக்கான தேவை பெருகியதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ரேம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் வீட்டுக் கணினிகளுக்கான தன் க்ரூஷியல் பிராண்ட் விற்பனையையே கைவிடுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது.

நண்பர் ஒரு டிடிஆர்4 ரேம் தருகிறார். என்னுடையது டிடிஆர்3. பொருந்துமா? (திருச்சி)

பொருந்தாது. இவை ரேமின் வெவ்வேறு தலைமுறைகள். டிடிஆர்3-க்கு 240 பின்கள் (அடியிலுள்ள உலோகப் பற்கள்), டிடிஆர்4-க்கு 288. பற்களின் நடுவே வெட்டு இருக்கும் இடமும் வேறு, மின்னழுத்தமும் வேறு. டிடிஆர்5-க்கும் 288 பின்கள்தான், ஆனால் அதன் வெட்டு தள்ளி இருப்பதால் டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காராது. பலம் கொண்ட மட்டும் அழுத்தி, கடைசியில் மதர்போர்டையே மாற்றியவரை நான் பார்த்திருக்கிறேன்.

10-ஆம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 2666 வேகத்தில் ஒரு 8 ஜிபி இருக்கிறது. இன்னொரு 8 ஜிபி வாங்கப் போனால் 3200 வேகம்தான் கிடைக்கிறது. சேர்த்துப் போடலாமா? (கோயம்புத்தூர்)

தாராளமாக. வேகமானது மெதுவானதற்காக இறங்கி வரும். இரண்டும் 2666-இல் ஓடும். உங்கள் ஐ3-யின் எல்லையே 2666 என்பதால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி என்றால் இது நல்ல முடிவும்கூட. இரண்டு ரேம்கள் இருந்தால் பிராசசர் இரண்டு பாதைகளில் ஒரே சமயத்தில் தரவு எடுக்கும். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் கடன் வாங்குகிறது, ஆகவே விளையாட்டுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் எந்த இரண்டில் போடுவது என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்.

8 ஜிபி போட்டிருக்கிறேன். 3.4 ஜிபிதான் பயன்படும் என்று காட்டுகிறது. (யாழ்ப்பாணம்)

உங்கள் விண்டோஸ் 32 பிட். அதற்கு 4 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. அந்த நாலிலும் ஒரு பங்கை மற்ற பாகங்களுக்கு ஒதுக்கிவிடும். 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும், இருப்பதன் மேலேயே மாற்றிக்கொள்ள வழியில்லை. கோப்புகளை முதலில் வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த 8 ஜிபி டிடிஆர்3 வாங்கினேன். போட்டதும் திரை வரவில்லை, பீப் சத்தம் மட்டும் கேட்கிறது. என்னுடையது இன்டெல் பிராசசர். (சேலம்)

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ரேமை எடுத்து, தங்கநிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேயுங்கள். துகள்களைத் தட்டிவிட்டு, இரு பக்கக் கொக்கியும் கிளிக் என்று பூட்டும்வரை அழுத்துங்கள். பாதிப் பிரச்சினைகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் விற்பனைப் பக்கத்தை மறுபடி படியுங்கள். ஏஎம்டிக்கு (இன்டெல்லுக்குப் போட்டியான பிராசசர் நிறுவனம்) மட்டும் என்று எங்காவது சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ரேம்களில் சிப்புகளின் அமைப்பு வேறு, இன்டெல் போர்டுகள் அவற்றை ஏற்காது. திருப்பி அனுப்புங்கள்.

என் லேப்டாப் மிக மெல்லியது. ரேம் கூட்ட முடியுமா? (புதுச்சேரி)

மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். ரேம் வகை எல்பிடிடிஆர் என்று இருந்தால் அநேகமாகப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். வாங்கும் நாளில் இருந்ததுதான் கடைசிவரை. மேக்புக் ஏர், ப்ரோ வைத்திருப்பவர்களுக்கும் பல ஆண்டுகளாக இதே விதிதான்.

3200 என்று சொல்லி விற்றார்கள். சிபியு-இசட் மென்பொருளில் 1600 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? கடையில் போய்ச் சத்தம் போட்டும் வந்துவிட்டேன். (தாம்பரம்)

ஏமாறவில்லை. டிடிஆர் வகை ரேம் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை தரவு அனுப்பும். மென்பொருள் துடிப்பைக் காட்டுகிறது, பெட்டியில் அச்சிட்டிருப்பது அதன் இரு மடங்கு. கணக்கு சரியாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.